ஐஸ் கட்டிமேல் உட்கார்ந்த மாப்பிள்ளை

மலாக்காவின் காஜா பெராங் சாலையில் யார் வீட்டு விளக்கு அணைந்து போனாலும் கருணாகரனைத்தான் கூப்பிடுவார்கள். அவனுக்கு ஏணி வேண்டாம், நாற்காலி வேண்டாம். கையை நீட்டினால் போதும். மாரியம்மன் திருவிழாவுக்கு மாவிலைத் தோரணம் கட்டுவதும் அவன்தான். ஏணி வாங்கும் செலவை மிச்சம் பிடிக்கத்தான் அம்மன் தன்னை இவ்வளவு நீளமாகப் படைத்திருக்கிறாள் என்று அவன் அடிக்கடி நினைத்துக்கொள்வான். உயரத்தைத் தாராளமாகக் கொடுத்தவள் மற்றதில் கையை இறுக்கிக்கொண்டாள். இருபத்தேழு வயதாகியும் மீசை என்று சொல்லிக்கொள்ள மேலுதட்டில் நிழல்தான் இருந்தது. முடிதிருத்தும் கடையில் அவனுக்குச் சவரம் செய்வது கடைக்காரரின் மரியாதை, தேவை அல்ல. மார்பு மட்டும் கொஞ்சம் பூசினாற்போல இருக்கும். அதனால் கோயிலில் ஆண்கள் எல்லாம் சட்டையைக் கழற்றும்போது கருணாகரன் மட்டும் துண்டை நன்றாகப் போர்த்திக்கொண்டு, மிகுந்த பக்திமான்போல நிற்பான்.

ஆற்றோரம் இருந்த ஐஸ் ஆலையில் அவன் கிராணி. மீன்காரர்களுக்கும் காப்பிக் கடைகளுக்கும் எத்தனை பாளம் போகிறது என்று எழுதி வைக்கிற வேலை. தகப்பன் இல்லாத பிள்ளைக்கு இது போதும் என்று அவன் தாய் பொன்னம்மா பெண் பார்க்கத் தொடங்கி, புக்கிட் பாருவில் நடராஜன் என்பவரின் மகள் சிவகாமசுந்தரியை முடிவு செய்திருந்தாள். அந்தப் பெண் வளர்ப்பு மகள். ஜப்பான்காரன் நாட்டைப் பிடித்திருந்த காலத்தில் ஒரு சீனக் குடும்பம் கைக்குழந்தையாகக் கொடுத்துவிட்டுப் போனது. பிள்ளையில்லாத நடராஜனும் அவர் மனைவி ருக்மணியும் அதை வாங்கி, பால் ஊற்றி வளர்த்து, காது குத்தி, இவ்வளவு நீளமான தமிழ்ப் பெயரும் வைத்தார்கள். பெண் பார்க்கப் போன அன்று கருணாகரன் நிலைப்படியில் நெற்றியை இடித்துக்கொண்டான். அவள் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். அந்தச் சிரிப்புக்காக இன்னொரு முறை இடித்துக்கொள்ளலாம் என்று அவனுக்குத் தோன்றியது. பரிசத்துக்கு நாளும் குறித்தாகிவிட்டது.

இந்த நேரம் பார்த்துத்தான் அவன் கணுக்காலுக்கு மேலே ஒரு புண் வந்து ஆறாமல் இருந்தது. டாக்டர் மாணிக்கவாசகம் யாழ்ப்பாணத்துக் குடும்பம். ஸ்காட்லாந்தில் படித்துவிட்டுப் புதிதாக வந்தவர். காலைப் பார்த்தார். பிறகு காலோடு ஒட்டியிருந்த ஆளைப் பார்த்தார். சட்டையைக் கழற்றச் சொன்னார். அதற்கு மேலும் கழற்றச் சொன்னார். கன்னத்தின் உட்புறத்தைச் சுரண்டி எடுத்துச் சிங்கப்பூருக்கு அனுப்பினார். ஒரு கண்ணாடிக் குப்பியைக் கொடுத்து அவர் கேட்டதைக் கேட்டபோது, கால் புண்ணுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கருணாகரனுக்கு விளங்கவில்லை. ஆனாலும் படித்தவர் கேட்கிறாரே என்று கொடுத்தான்.

முடிவு வந்ததும் டாக்டர் கதவைச் சாத்திவிட்டு உட்கார வைத்தார்.

“பயப்பிடாதேங்கோ தம்பி. ஒவ்வொருத்தற்ற உடம்பிலயும், அணுவுக்கு உள்ளுக்க நூல் மாதிரிச் சிலது இருக்கு. ஆம்பிளையா பொம்பிளையா எண்டு தீர்மானிக்கிற நூல் எல்லாருக்கும் ரெண்டு. உங்களுக்கு மூண்டு இருக்கு எண்டு நினைக்கிறன். இதைக் கண்டுபிடிச்சே இப்பதான், ரெண்டொரு வருசம்.”

கருணாகரனுக்கு வாழ்க்கையில் எதுவும் கூடுதலாகக் கிடைத்ததில்லை. “ஒன்னு கூட இருந்தா நல்லதுதானே டாக்டர்?” என்றான்.

“நல்லது இல்லை. கலியாணம் செய்யலாம், குடும்பம் நடத்தலாம், அதிலே குறை இல்லை. பிள்ளைதான்… நீங்க தந்ததில ஓர் உயிரணுவும் காணேல்ல.”

“ஒன்னுகூட இல்லையா?”

அவன் முகத்தைப் பார்க்க டாக்டருக்குப் பாவமாக இருந்திருக்க வேண்டும். “உள்ளுக்க எங்கயாவது ஒண்டு ரெண்டு ஒளிச்சிருக்கலாம். வயசு போகப் போக அதுவும் அழிஞ்சிடும். அமெரிக்காவில விந்தை உறைய வைச்சுப் பாதுகாத்து, அதில பிள்ளையும் பிறந்திருக்கு. ஒரு காலத்தில உங்களை மாதிரிப் பொடியன்களுக்கு இளவயசிலேயே எடுத்துக் குளிரில பத்திரமா வைப்பினம். இண்டைக்கு அந்த வழி இல்லை. பொம்பிளை வீட்டாருக்கு இதைச் சொல்லிப்போடுங்கோ. அதுதான் நியாயம்.”

கருணாகரனின் காது, வேண்டியதை மட்டும் வடிகட்டி எடுக்கும் காது. ஒளிந்திருக்கலாம் என்பது உள்ளே போனது. அழிந்துவிடும் என்பதும், குளிரில் பத்திரமாக வைக்கலாம் என்பதும் போயின. வழி இல்லை என்பதும் நியாயம் என்பதும் வெளியே சாலையில் விழுந்து, பஸ் சக்கரத்தில் நசுங்கிப் போயின.

பொன்னம்மாவின் வைத்தியத்தில் எல்லா நோய்க்கும் ஒரே காரணம்தான்: உடம்புச் சூடு. தலைவலி சூடு, கட்டி சூடு, கால் புண்ணும் சூடு. சனிக்கிழமை தோறும் தலையில் எண்ணெய் வைத்து, இளநீர் கொடுத்து, வெந்தயம் கொடுத்து வளர்த்த பிள்ளை அவன். அழிப்பது சூடு என்றால் காப்பது குளிர் என்று அவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அமெரிக்காக்காரன் இப்போதுதான் கண்டுபிடித்திருக்கிறான். தன் தாய் எப்போதோ சொன்னதுதானே? மலாக்காவிலேயே குளிரைப் பாளம் பாளமாக அடுக்கி வைத்திருந்த இடத்தில் அவன் கிராணி வேறு. அம்மன் காரணமில்லாமலா இந்த வேலையைக் கொடுத்தாள்?

மறுநாள் மதியம், ஆட்கள் சாப்பிடப் போன நேரத்தில், கருணாகரன் ஐஸ் கிடங்குக்குள் நுழைந்தான். ஒரு பாளத்தின்மேல் இருந்த உமியைத் தள்ளி, கோணிச்சாக்கை விரித்து, அதன்மேல் உட்கார்ந்தான். ஐயோ என்று எழுந்தான். ஒளிந்திருக்கும் அந்த ஒன்றிரண்டு பேரை நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்தான். தாயே, அவர்கள் எங்கே இருக்கிறார்களோ அங்கேயே பத்திரமாக வை என்று கண்ணை மூடி வேண்டினான். பிள்ளை வரம் கேட்டு அங்கப்பிரதட்சணம் செய்தவர்கள் உண்டு, தீ மிதித்தவர்களும் உண்டு. எதிர்த் திசையில் போன பக்தன் தான் ஒருவன்தான் என்பதில் அவனுக்குச் சற்றுப் பெருமைகூட வந்தது.

இப்படி நாள்தோறும் நடந்தது. கால் புண் ஆறவில்லை, தும்மல் சேர்ந்துகொண்டது. நடையும் மாறி, புதுச்செருப்பு கடித்தவன்போல நடந்தான். “கல்யாணக் களை வந்திடுச்சு என் புள்ளைக்கு,” என்று பொன்னம்மா பக்கத்து வீட்டில் சொல்லிக்கொண்டாள்.

ஒருநாள் கோணிச்சாக்கு வழுக்கி நழுவியதை அவன் கவனிக்கவில்லை. கிடங்குக் கதவு திறந்தது. கையில் இரும்புக் கொக்கியோடு தம்பிராஜா நின்றான். லாரியில் பாளம் ஏற்றுகிறவன், தமிழை மறந்துபோன மலாக்கா செட்டிகளின் குடியிருப்பான செட்டிக் கம்பத்துக்காரன். வீட்டில் மலாய்தான் பேச்சு. ஆலைக்கு வந்த பிறகுதான் தமிழ் கற்றுக்கொண்டான்.

“அலாமாக்! கருணா, என்னா செய்து இங்கே? முட்டை போடுதா?”

கருணாகரன் கௌரவமாக எழ முயன்றான். உடம்பு எழுந்தது, கால்சட்டையின் பின்புறம் எழவில்லை. ஈரத்துணி பாளத்தோடு உறைந்து ஒட்டிக்கொண்டிருந்தது. இழுத்தான். கிடங்கு முழுவதும் எதிரொலிக்கும்படி ஒரு கிழிசல் சத்தம் கேட்டது.

தம்பிராஜா கொக்கியைக் கீழே போட்டுவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். உண்மையைத் தவிர அந்த நிலையில் கருணாகரனிடம் மறைக்க வேறு எதுவும் மிச்சமில்லை. எல்லாவற்றையும் சொன்னான்: மூன்று நூல், சிங்கப்பூர், அமெரிக்கா, குளிர். சொல்லச் சொல்லத் தம்பிராஜாவின் சிரிப்பு குறைந்து நின்றுபோனது.

“அது அமெரிக்காவிலே போத்தல் உள்ளே போட்டு வைக்கிறதுலா, கருணா. நீ என்னா, போத்தலா?”

கருணாகரன் சட்டையை இழுத்துப் பின்புறத்தை மறைக்கப் பார்த்தான்.

“அந்தப் பொண்ணுக்குத் தெரியுமா?”

கருணாகரன் கீழே கிடந்த கோணிச்சாக்கை எடுத்து மடிக்கத் தொடங்கினான்.

“பொண்ணுகிட்டே சொல்ல மாட்டே. ஐஸ்கிட்டே மட்டும் தினம் வந்து சொல்லுவே.” தம்பிராஜா லாரிக்குப் போய், இருக்கைக்குப் பின்னால் வைத்திருந்த தன் சாரோங்கைக் கொண்டுவந்து கொடுத்தான். “கட்டிக்கோ. யாராவது கேட்டா ஆணி கிழிச்சிடுச்சு சொல்லு. நானும் ஆணிதான் சொல்லுவேன்.”

அப்படியே சொன்னான். ஆலையில் அதன் பிறகு ஆணியைப் பற்றித்தான் பேச்சு. மேனேஜர் ஆள் வைத்துக் கிடங்கு முழுவதும் தேடச் சொன்னார். தம்பிராஜாவும் மற்றவர்களோடு குனிந்து, இல்லாத ஆணியை முகம் மாறாமல் தேடினான். அதைப் பார்த்த கருணாகரனும் அவன் பக்கத்தில் குனிந்து தேடத் தொடங்கினான். அன்றோடு ஐஸ் தவம் முடிந்தது.

சொல்லிவிடலாம் என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு ஒரு மாலை புக்கிட் பாருவுக்குப் போனான். வீட்டு முனையில் தைரியம் இறங்கிவிட்டது. ரம்புத்தான் வாங்கிக்கொண்டு திரும்பினான். இன்னொரு நாள் மங்குஸ்தான் வாங்கிக்கொண்டு திரும்பினான். “என்னடா தினம் பழமா வாங்கிட்டு வர்றே?” என்று பொன்னம்மா கேட்டாள். “ரம்புத்தான் சூடாச்சே, மங்குஸ்தான் குளிர்ச்சிதானேம்மா,” என்றான். கடைசியில் அவளே அவனை அனுப்பி வைத்தாள். பரிசப் புடவைக்கான ரவிக்கைத் துணியைப் பெண்ணிடம் கொடுத்துவிட்டு வரவேண்டும்; சிவகாமசுந்தரி தையல்காரி, தன் ரவிக்கையைத் தானே தைத்துக்கொள்வாள்.

நடராஜன் வேலைக்குப் போயிருந்தார். ருக்மணி கிணற்றடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். “வாங்க தம்பி, உக்காருங்க, வந்திடுறேன்,” என்ற குரல் மட்டும் வந்தது. முன்னறையில் தையல் மெஷினுக்குப் பின்னால் சிவகாமசுந்தரி இருந்தாள். அவன் துணிப் பொட்டலத்தை நீட்டினான். அவள் வாங்கிக்கொண்டாள். போகவேண்டியவன் போகவில்லை.

“தண்ணி வேணுங்களா?”

“வேணாம். எனக்கு ஒன்னு கூடுதலா இருக்கு.”

அவள் நிமிர்ந்து பார்த்தாள். இதைவிட மோசமாக ஒருவன் தொடங்க முடியாது என்று அவனுக்கே தெரிந்தது. ஆனால் தொடங்கிவிட்டான். நூலில் ஆரம்பித்து, நடுவில் குழம்பி, கால் புண்ணுக்குத் திரும்பி, டாக்டர் சொன்ன நியாயத்தையும் சேர்த்து ஒருவழியாகச் சொல்லி முடித்தான். முடித்த பிறகும் வாய் நிற்கவில்லை. ஐஸ் கிடங்கையும் சொன்னான். அவன் பாளத்தில் ஒட்டிக்கொண்டு கிழிந்த இடம் வந்தபோது அவள் சிரித்துவிட்டாள். அடக்கப் பார்த்து, முடியாமல், ரவிக்கைத் துணியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தாள். பிறகு தோள் குலுங்குவது நின்றது. முகத்தை எடுக்கவில்லை.

“அப்படின்னா பிள்ளை பிறக்காது,” என்றாள் துணிக்குள்ளிருந்து.

“பிறக்காது.” ஒன்றிரண்டு, ஒளிந்து, ஒருவேளை என்பதெல்லாம் இல்லாமல் அவன் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை.

மெஷின் சக்கரத்தைக் கையால் மெல்லச் சுற்றினாள். ஊசி வெறுமனே ஏறி இறங்கியது. “எனக்கு ஆசைதான். பொய் சொல்ல மாட்டேன்.” கிணற்றடிப் பக்கம் பார்த்தாள். குரலைத் தாழ்த்தினாள். “எங்கம்மாவ இந்தக் கம்பத்துல என்னா சொல்றாங்கன்னு தெரியுமா உங்களுக்கு? மலடி. நான் இவ்வளவு பெரிசா வளர்ந்து நிக்கிறேன், இன்னும் அதுதான். கல்யாண வீட்டுல குங்குமத் தட்டு இவங்க கைக்கு மட்டும் வராது. இவங்களும் பின்னாடி அடுப்பங்கரையில போய் நின்னுக்குவாங்க. குறை அம்மாகிட்டதானான்னு யாராச்சும் கேட்டிருப்பாங்களா? எங்கப்பாகிட்ட யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்ல. அவரும் சொன்னதில்ல.”

“நான் சொல்லிட்டேனே,” என்றான் கருணாகரன்.

“என்கிட்ட சொன்னீங்க. எனக்குச் சொன்னா போதுமா? ரெண்டு வருஷம் கழிச்சுக் கேக்கப்போறது என்னையா, உங்களையா? இந்தச் சீன மூஞ்சிக்காக எவ்வளவோ கேட்டுட்டேன், அது பழகிருச்சு. அந்த வார்த்தைய மட்டும் நான் வாங்கிக்க மாட்டேன்.” துணியை மடித்து மடியில் வைத்தாள். “உங்கம்மாகிட்ட சொல்லுங்க. அவங்களுக்குத் தெரிஞ்சு, சம்மதம்னா பரிசம் போட வாங்க. அப்பா அம்மாகிட்ட நான் சொல்லிக்கிறேன். உங்கம்மாவுக்குத் தெரியாம வர்றதா இருந்தா, வர வேணாங்க.”

பொன்னம்மாவிடம் சொல்வதற்கு அவன் சாப்பாட்டு நேரத்தைத் தேர்ந்தெடுத்தான். கையில் சோறு இருந்தால் அவள் எழுந்து நின்று கத்த மாட்டாள் என்பது அவன் கணக்கு. அவன் போட்ட மற்றக் கணக்குகளைப் போலவே அதுவும் தப்பியது.

“ஐஸு மேல உக்காந்தியா! அட பாவி! ஆம்பளைக்குக் குளிர்ச்சி ஆகுமாடா? இருந்ததும் போயிருக்கும்டா!”

“சூடுதான் ஆகாதுன்னு நீதானேம்மா—”

“தலைக்குச் சொன்னேன்டா! தலைக்கு!”

டாக்டருக்கு வயது போதாது என்றாள். சிங்கப்பூர்க்காரன் கன்னத்தை மாற்றி எடுத்துவிட்டான் என்றாள். யாரோ கண் வைத்துவிட்டார்கள், இவ்வளவு உயரத்துக்குக் கண் படாமல் இருக்குமா என்றாள். பிறகு அழுதாள். அழுதுகொண்டே, “பொண்ணுகிட்ட எதுக்குடா சொன்னே? சொல்லாம இருந்தா, ரெண்டு மூனு வருஷம் போனா, எல்லாரும் அவளைத்தான்…” என்றாள்.

சொன்னதை முடிக்கவில்லை. தன் வாயிலிருந்து வந்தது தன் காதிலேயே விழுந்ததுபோல நிறுத்திக்கொண்டாள். கையைக் கழுவிவிட்டுச் சாமி மாடத்துக்கு முன்னால் போய் நின்றாள். காலையில் வைத்த பூவை எடுத்து, திரும்பவும் அதே இடத்தில் வைத்தாள். அன்றும் அதற்குப் பிறகும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. பரிசத்துக்கு வருவாளா மாட்டாளா என்று கேட்கும் துணிச்சல் அவனுக்கு இல்லை. பரிசத்தன்று காலையில் அவள் பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு, தட்டுகளை அடுக்கி, “டாக்ஸி வந்திடுச்சா பாரு. நீ முன்னால உக்காரு, கால் மடங்காது உனக்கு,” என்றாள். சம்மதமா, கடமையா என்று அவனுக்குத் தெரியவில்லை.

நடராஜன் வீடு நிறைந்திருந்தது. பாக்கு வெற்றிலை மாற்றினார்கள். சிவகாமசுந்தரி தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். நலங்கு வைக்க முதலில் எழுந்தவள் பூங்காவனம். காஜா பெராங்கிலும் புக்கிட் பாருவிலும் அவள் வாய்க்குப் பயப்படாதவர்கள் இல்லை, அவள் வராமல் ஒரு விசேஷமும் இல்லை. கன்னத்தில் சந்தனத்தைப் பூசிவிட்டு, வீடு முழுவதும் கேட்கும்படி வாழ்த்தினாள்.

“கல்யாணம் முடிஞ்சு பத்தாம் மாசம் தொட்டில் ஆடணும்! ஆடலைன்னா உன்னைத்தான்டி வந்து கேப்பேன், சும்மா விட மாட்டேன்!”

எல்லாரும் சிரித்தார்கள். கருணாகரன் சிரிக்கவில்லை. குனிந்திருந்த அந்தத் தலை இன்னும் கொஞ்சம் கீழே போவதைப் பார்த்தான். அடுப்பங்கரை வாசலில் ருக்மணி முந்தானையைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றாள். இப்போது எழுந்து சொல்லவேண்டியது தான்தான் என்று அவனுக்குத் தெரிந்தது. எழுந்தான். வாயைத் திறந்தான். தும்மினான். நல்ல காரியத்தில் மாப்பிள்ளையே எழுந்து நின்று தும்முவது அந்த வட்டாரத்தில் அதுவரை நடந்ததில்லை.

அவன் மூக்கைத் துடைப்பதற்குள் பொன்னம்மாவின் குரல் கேட்டது.

“பூங்காவனம், தொட்டில் ஆடலைன்னா என் வீட்டுக்கு வந்து என்னைக் கேளு. என் மகன் உடம்புல அதுக்கு வழி இல்லைன்னு டாக்டர் சொல்லிட்டாரு. அது தெரிஞ்சுதான் இந்தப் பொண்ணு சரின்னு உக்காந்திருக்கு. நாளைக்கு எவளாவது இதைப் பார்த்து அந்த வார்த்தைய சொன்னா, நான் பொறுத்துக்க மாட்டேன். இப்பவே சொல்லிட்டேன்.”

கருணாகரனுக்குக் காது எரிந்தது. உண்மை தெரியவேண்டும் என்றுதான் அவன் வேண்டியிருந்தான். இவ்வளவு சத்தமாகத் தெரியவேண்டும் என்று வேண்டவில்லை. வீடே அவனை நிமிர்ந்து பார்த்தது. ஒளிந்துகொள்ளத் தூண்கூட அந்த வீட்டில் அவனைவிடக் குட்டை. ஆனால் அவன் பார்வை சிவகாமசுந்தரியிடம் போனது. அவள் தலையைத் தூக்கியிருந்தாள். நடராஜன் தம் மனைவியைப் பார்த்தார். ஒரு கணம்தான், பிறகு கண்ணாடியைக் கழற்றி, துடைக்கத் தேவையில்லாத கண்ணாடியைத் துடைத்தார்.

பூங்காவனம் சந்தனக் கையோடு அப்படியே நின்றாள். அவளுக்கு வார்த்தை கிடைக்காமல் போனதை அன்றுதான் எல்லாரும் பார்த்தார்கள். பிறகு மெல்ல, பழைய குரலில் பாதிகூட இல்லாமல், “சரி… வயிறார சாப்பிட்டு, சண்டை போடாம, ஒருத்தருக்கொருத்தர் ஆதரவா இருங்க,” என்றாள். குங்குமத் தட்டை எடுத்தாள். பெண்ணின் நெற்றிக்கு வைக்கப்போனவள், என்ன நினைத்தாளோ, நிறுத்திவிட்டு அடுப்பங்கரை வாசலுக்கு நடந்தாள்.

“ருக்மணி, இந்தாடி. தாய் நீ. நீ வைக்காம நாங்க வைக்கிறது நல்லா இல்ல.”

ருக்மணி தட்டைப் பார்த்தாள். நடராஜனைப் பார்த்தாள். மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். பூங்காவனம் தட்டை அவள் கையில் திணித்துவிட்டு, முதுகில் கைவைத்து முன்னால் தள்ளிக்கொண்டு வந்தாள். பழக்கமில்லாத விரல் குங்குமத்தை அதிகமாக அள்ளியதில் பாதி பெண்ணின் மூக்கின்மேல் விழுந்தது. அதை யாரும் துடைக்கச் சொல்லவில்லை; சிவகாமசுந்தரியும் துடைக்கவில்லை, தன் தாயின் கையைப் பிடித்துக்கொண்டாள். பின்னால் பெண்கள் ஒவ்வொருவராக எழுந்து வரிசையில் வந்து நின்றார்கள். மாப்பிள்ளை ஒருவன் அங்கே இன்னும் நின்றுகொண்டிருக்கிறான் என்பதை எல்லாரும் மறந்துவிட்டார்கள். உட்காரலாமா என்று கேட்க ஆள் இல்லாமல், கருணாகரன் தானாகவே உட்கார்ந்துகொண்டான்.